ராமக்கா பேர் சொன்ன பன்னிரண்டாவது உரு

ராமக்காவின் தாய் செல்லியும் நானும் அண்ணன் தம்பி பிள்ளைகள். செல்லி எனக்கு மூத்தவள். அந்த முறையில் ராமக்கா என்னை மாமா என்று கூப்பிடுவாள். பாலக்கோட்டுப் பக்கத்திலிருந்து அவளை அதியமான்கோட்டைக்குக் கட்டிக் கொடுத்தபோது சீர்த்தட்டு தூக்கியவர்களில் நானும் ஒருவன். கட்டினவன் காளியன். நல்ல உயரம், சிரித்தால் மேல் ஈறு தெரியும். ஆழ்துளைக் கிணறு போடும் போர் வண்டியில் வேலை. வருசத்தில் எட்டு மாதம் வடக்கே கிடப்பான். ஒரு தரம் வண்டிச் சங்கிலியில் சிக்கி இடது கை மோதிர விரலில் பாதி போய்விட்டது. அதைக் காட்டிச் சிரிப்பானே தவிர ஒருநாளும் வருத்தப்பட்டதில்லை.

பதினோரு வருசத்துக்கு முன் சித்திரை கழிந்து வடக்கே போனான். மழைக்காலத்தில் வண்டி திரும்பி வந்தது, காளியன் வரவில்லை. அதே வண்டியில் போனவன் கருப்பண்ணன், காளியனுக்குச் சித்தப்பன் மகன். அவன் சொன்னது இதுதான்: "ஒரு ரயில் ஜங்சன் பக்கத்துல டீ குடிச்சிட்டு வர்றேன்னு எறங்குனாரு. அப்பறம் ஏறலீங்க." நாலு தரம் போய்க் கேட்டோம். நாலு தரமும் அதே வார்த்தை, ஒரு எழுத்து கூடவும் இல்லை குறையவும் இல்லை. அப்போது மகள் பிரியங்காவுக்குப் பன்னிரண்டு வயது.

ராமக்கா அழுதுகொண்டு உட்காரவில்லை. நெடுஞ்சாலையோரம் பஞ்சர் கடைக்குப் பின்னால் சங்கர் வைத்திருக்கும் வார்ப்புப் பட்டறையில் முன்பே வேலை செய்துகொண்டிருந்தாள். அங்கே விளக்கு, மணி எல்லாம் வார்த்தாலும் பெரிய வேலை உரு செய்வதுதான். பிள்ளை இல்லாதவர்கள் கோயிலுக்குப் பித்தளைத் தொட்டில் கொடுப்பார்கள். கால் வலிக்காரர்கள் கால் கொடுப்பார்கள். மாடு காணாமல் போனவர்கள் மாடு கொடுப்பார்கள். இதற்கெல்லாம் உரு என்று பேர். ராமக்கா தேன்மெழுகில் உருவைப் பிடிப்பாள். மேலே மண் அப்பி, ஒரு வாய் மட்டும் விட்டு மூடுவார்கள். சூளையில் வைத்தால் உள்ளே இருக்கும் மெழுகு உருகி அந்த வாய் வழியாக ஓடிவிடும். மண்கூட்டுக்குள் மெழுகு இருந்த இடம் வெறும் வெட்டவெளியாக நிற்கும். அதில் காய்ச்சிய உலோகத்தை ஊற்றினால் உரு.

ஊற்றுவதற்கு முன் ஒரு காரியம் உண்டு. உரு யாருக்காகவோ அவர் பேரை, என்ன குறை என்பதோடு சேர்த்து, மண்கூட்டின் வாயில் வாய் வைத்துச் சொல்ல வேண்டும். பேர் சொல்லாமல் ஊற்றினால் அது வெறும் பாத்திரச் சாமான். பேர் சொன்ன உருவை எட்டு நாளைக்குள் சாமி முன்னால் வைத்துவிட வேண்டும். இன்னொன்று, உசுரோடு இருப்பவர் பேரைத்தான் சொல்லலாம். செத்தவர் பேரைச் சொன்னால் மண்கூடு உலோகத்தைக் கக்கிவிடும்.

கக்கி நானே பார்த்திருக்கிறேன். காரிமங்கலத்திலிருந்து ஒரு அம்மாள் பட்டாளத்தில் இருந்த மகனுக்காக வந்தது. மகன் பேரைச் சொல்லி ஊற்றினார்கள். உலோகம் பூனை உறுமுவது போலச் சத்தம் போட்டு வாய் வழியாகத் திரும்ப வந்து தரையில் ஓடியது. அந்த அம்மாள் ஓடிய உலோகத்தைப் பார்த்தது. எழுந்து, முந்தானையை உதறி, பஸ் ஏறப் போய்விட்டது. பட்டாளத்திலிருந்து போன் மறுநாள்தான் வந்தது என்றார்கள்.

ஈரமான மண்ணில் சூடான உலோகம் பட்டால் கக்கத்தான் செய்யும், அன்றைக்குச் சூளை சரியாக எரியவில்லை என்பான் சங்கர். ராமக்கா அடுத்த உருவுக்கு மெழுகை எடுப்பாள்.

அப்படியென்றால் புருசன் பேரைச் சொல்லிப் பார்த்திருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் கேட்டேன். "கக்கிருச்சுன்னா?" என்றாள். அதோடு விட்டுவிட்டேன்.

இப்படியே பதினோரு வருசம் போனது. தாலி கழுத்தில் கிடந்தது. குங்குமம் வைத்தாள். ஆனால் சுமங்கலிகளைக் கூப்பிடும் இடத்தில் அவளைக் கூப்பிடுவதா வேண்டாமா என்று எல்லாரும் ஒரு நொடி யோசிப்பார்கள். அந்த ஒரு நொடியைப் பார்த்துவிட்டு அவளே பின்னால் நகர்ந்துகொள்வாள்.

போன ஆவணியில் பிரியங்காவுக்கு வரன் கூடியது. பையன் அருள்குமார், பால் குளிரூட்டும் நிலையத்தில் வேலை, குடிகாரன் இல்லை, பிரியங்காவுக்கும் பிடித்திருந்தது. எல்லாம் பேசி முடித்து வெற்றிலை மாற்றும் நேரத்தில் பையனின் தாய் சுகுணா தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

"நான் ஒண்ணும் கொறையா சொல்லலைங்க. நாளைக்குப் பந்தல்ல நிக்கறப்ப நாலு பேரு கேப்பாங்க. பொண்ணோட அப்பன் இருக்கறாரா, இல்லையா?"

"தெரியலீங்க சம்மந்தி," என்றாள் ராமக்கா.

"தெரியாதுன்னா எப்பிடீங்க? இருந்தா வரட்டும். இல்லைன்னா காரியத்தை முடிச்சிருங்க. ரெண்டும் இல்லாம அந்தரத்துல தொங்குற மனுசன் பேரைப் பத்திரிகையில எப்பிடிப் போடறது? திருவா, காலஞ்சென்றவா?"

சுகுணா கெட்டவள் அல்ல. கேட்க வேண்டியதைக் கேட்டாள். தை மாதத்துக்குள் இரண்டில் ஒன்று சொல்லுங்கள் என்று எழுந்தார்கள். பிரியங்கா அடுப்படியில் நின்று எல்லாவற்றையும் கேட்டாள். "உசுரோட இருக்கற மனுசனுக்குக் காரியம் செய்ய மாட்டேன். செத்த மனுசனுக்குத் தாலி சுமக்கவும் மாட்டேன். ஆனா எதுன்னு எனக்குத் தெரியணும்," என்று ராமக்கா அன்றைக்கு என்னிடம் சொன்னாள். அவள் வாழ்க்கையில் அவள் கேட்டது அது ஒன்றுதான்.

அதே வாரம் பட்டறைக்கு அந்த வெளிநாட்டு உருக்களின் வேலை வந்தது.

கொண்டுவந்தது வெண்மதி என்ற பெண். கம்பைநல்லூர்க்காரி, தொல்பொருள் படிப்பு படித்துவிட்டுப் பெங்களூரில் ஒரு கண்காட்சி நடத்துபவர்களிடம் வேலை பார்த்தாள். கொலம்பியா என்று ஒரு நாடு, உலகத்துக்கு அந்தப் பக்கம். அங்கே வெள்ளைக்கார ஸ்பானியர்கள் கப்பலில் வந்து இறங்கும் முன்பே மலைமேல் வாழ்ந்த முயிஸ்கா என்கிற சனங்கள் செய்த தங்க உருக்கள். அசலை அனுப்ப மாட்டார்கள் என்பதால் அதே போல் பன்னிரண்டு செய்து கண்ணாடிப் பெட்டியில் வைக்கப் போகிறார்களாம். பிளாஸ்டிக்கில் எடுத்த மாதிரிகளைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்து பலகையில் வரிசையாக வைத்தாள்.

விரல் நீள உருக்கள். உடம்பு தட்டையாக, கீழே போகப் போக ஒடுங்கி நின்றது. தட்டையின் மேல் நூல் நூலாகக் கை, கால், மூக்கு, கழுத்துமணி. கண் மட்டும் காப்பிக் கொட்டை போல நடுவில் ஒரு கீறலோடு, திறந்ததா மூடியதா என்று சொல்ல முடியாமல் இருந்தது.

மண் பிசைகிற சின்னம்மாள் எட்டிப் பார்த்தாள். "என்னாடி இது, அல்லாருக்கும் தூக்கக் கலக்கமா? காத்தால வந்த நம்ம சங்கராட்டமே இருக்குது."

"உன் வாயில மண்ணை வெச்சு அடைக்கறேன் பாரு," என்றான் சங்கர்.

ராமக்கா சிரிக்கவில்லை. ஒன்றைக் கையில் எடுத்துப் புரட்டினாள். "இது மெழுகு நூலு," என்றாள். "தட்டையா மெழுகைத் தேய்ச்சு, மேல நூலு உருட்டி ஒட்டிருக்காங்க. நம்ம வேலைதான்."

வெண்மதிக்கு முகம் மலர்ந்துவிட்டது. "அதேதாங்க அக்கா! அவங்களும் தேன்மெழுகு, மண்ணு, கரியிலதான் செஞ்சாங்க. தங்கம் அவங்க ஊருல அவ்வளவா கெடையாது. உப்பைக் குடுத்து, துணியைக் குடுத்துத் தங்கம் வாங்குவாங்க. செம்பை நெறையக் கலப்பாங்க."

"வாங்கி? கழுத்துல போட்டுக்குவாங்களா?"

"மத்த நகைங்களப் போட்டுக்குவாங்க. இந்தச் சின்னச் சின்ன உருவ மட்டும் ஏரியில போடுவாங்க. குகையில வைப்பாங்க. மண் பானையில போட்டுப் பொதைப்பாங்க. குடுக்கறதுக்குன்னே செஞ்சது. அதனால வார்த்ததும் பிசிறைக் கூட ராவல பாருங்க, அப்பிடியே இருக்குது."

சங்கர் வாயைப் பிளந்தான். "தங்கத்தைத் தண்ணியிலயா? நம்ம சனங்க பரவால்ல, பித்தளையோட நிறுத்திக்கிட்டாங்க."

ராமக்கா கேட்டது வேறு. "யாரு பேருக்குச் செஞ்சாங்க?"

"அது யாருக்கும் தெரியாதுங்க அக்கா. அவங்க எழுதி வைக்கல."

பதினோரு உருவை அவள் பேர் சொல்லாமல் வார்த்தாள். செம்பும் பித்தளையும் கலந்து ஊற்றி, பிறகு தங்க முலாம். ஒன்றும் தகராறு இல்லை. ஆனால் ஒவ்வொரு தரமும் வாயில் வாய் வைக்கக் குனிந்து, சொல்லப் பேர் இல்லாமல் நிமிர்வாள். அதைப் பார்த்துச் சின்னம்மாள் கேலி செய்வாள். "ஏன்டி, வெள்ளைக்காரன் பேரு எதாவது சொல்லி வெய்யேன்."

பன்னிரண்டாவது உரு ஒரு ஆண். இரண்டு கையும் நெஞ்சில் வைத்து நிற்கிறவன். அதை ஊற்ற வேண்டிய நாளில் நான் பட்டறைக்குப் போயிருந்தேன், ஒரு மணி நாக்கைச் சரிபண்ண. பகல் பதினோரு மணி இருக்கும். சாலையில் லாரிகள் போய்க்கொண்டிருந்தன. சங்கர் உலோகம் காய்ச்சிய மூசையைச் சூளையிலிருந்து இடுக்கியில் தூக்கினான். அந்த இடைவெளியில் ராமக்கா குனிந்தாள். எனக்கு அவள் உதடு தெரிந்தது. காளியன் என்றாள். குறை என்ன என்பதையும் சொன்னாள், அது எனக்குக் கேட்கவில்லை.

பிறகு என்னிடம் சொன்னாள். இந்த உருவுக்குச் சாமி கிடையாது, கொண்டுபோய் வைக்கக் கோயில் கிடையாது. அதனால் ஒரு கேள்வி கேட்டுப் பார்ப்பதில் யாருக்கும் பாவம் இல்லை என்று நினைத்தாளாம். கக்கினால் இல்லை. கக்காவிட்டால் இருக்கிறார்.

சங்கர் ஊற்றினான். நான் ஒரு அடி பின்னால் நகர்ந்தேன். உலோகம் ஒரு முனகல்கூட இல்லாமல் உள்ளே போனது. பால் குடிக்கிற கன்று போல இழுத்துக்கொண்டது. வாய் விளிம்பு வரை நிரம்பி நின்றது.

ராமக்கா அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். முகமெல்லாம் வேர்வை. "இருக்காரு மாமா," என்றாள். "எங்கியோ இருக்காரு." சின்னம்மாள் ஒன்றும் புரியாமல் அவளுக்குத் தண்ணீர் கொடுத்தாள். அந்தச் சூட்டோடு ராமக்கா சுகுணாவுக்குப் போன் போட்டாள். "சம்மந்தி, அவரு உசுரோட இருக்காருங்க. சேதி வந்திருக்குது."

"நல்லதாப் போச்சுங்க! அப்ப தைக்குள்ள கூட்டியாந்திருங்க," என்றாள் சுகுணா. பிரியங்கா அன்று சாயங்காலமே எல்லாருக்கும் சொல்லிவிட்டாள். என் வீட்டுக்கு ஓடி வந்து, "தாத்தா, அப்பா வராரு," என்றாள். இருபத்து மூன்று வயதுப் பெண், பன்னிரண்டு வயதுக் குரலில் சொன்னாள்.

மறுநாள் காலையில் மண்கூட்டை உடைத்தார்கள். ஒரு பகல் முழுக்கச் சூளையில் வெந்து, உள்ளே கொதிக்கும் உலோகம் வாங்கிய மண். தட்டினால் ஓடு போலக் கணீரென்று உடைய வேண்டும். அது உடையவில்லை. பிளந்தது. உள்பக்கம் கன்னங்கரேலென்று ஈரமாக, ஏரிக்கரை வெட்டிய சேறு போல இருந்தது. சின்னம்மாள் விரலால் தொட்டு மோந்து பார்த்தாள். "பாசி நாத்தம் அடிக்குதுடி," என்றாள். அன்றைக்கு அதற்கு மேல் அவள் கேலி பேசவில்லை. கையைக் கழுவப் போனவள் மத்தியானம் வரை உள்ளே வரவில்லை.

இவ்வளவு ஈரத்தில் உலோகம் கக்காமல் எப்படி நின்றது என்று சங்கரும் கேட்டான். இரும்புத் தூரிகையால் உருவைத் தேய்த்துப் பார்த்தான். "கை வரல பாரு அக்கா. ஒரு வெரலு பாதியிலயே நின்னுருச்சு. உலோகம் ஓடல."

இடது கை, நாலாவது விரல்.

மெழுகில் அந்த விரலை ராமக்கா முழுதாகத்தான் ஒட்டியிருந்தாள். பிளாஸ்டிக் மாதிரியிலும் முழுதாகத்தான் இருந்தது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். முலாம் போட்டார்கள். மற்ற பதினொன்றும் மஞ்சளாக மின்னின. அது மட்டும் குளத்தில் கிடந்த காசு போலக் கறுத்தே இருந்தது. மூன்று தரம் முலாம் போட்டும் ஏறவில்லை. பஞ்சுத் துணி விரித்த தட்டில் எல்லாவற்றையும் வைத்தார்கள். மறுநாள் காலையில் பார்த்தால் அந்த ஒரு உருவுக்குக் கீழே மட்டும் துணி நனைந்திருந்தது. துணியை மாற்றினார்கள். அடுத்த நாளும் நனைந்திருந்தது. முலாம் தொட்டித் தண்ணீர் உள்ளே நின்றிருக்கும் என்றான் சங்கர். தட்டை உருவில் உள்ளே ஏது இடம்? அவனும் அதை யோசித்திருப்பான்.

நாலாம் நாள் வெண்மதி சாமான்களைப் பார்க்க வந்தாள். அந்த உருவைக் கையில் எடுத்தவள் சட்டென்று தட்டில் வைத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"ஏம்மா, உனக்கும் சில்லுனு இருக்குதா?" என்று கேட்டாள் ராமக்கா.

"பிரிட்ஜ்ல இருந்து எடுத்த மாதிரி இருக்குதுங்க அக்கா."

"அந்தச் சனங்க இதை உசுரோட இருக்கறவங்களுக்குச் செஞ்சாங்களா, செத்தவங்களுக்கா?"

"அதான் சொன்னேனேங்க, தெரியாது. ரெண்டுக்கும் செஞ்சிருக்கலாம். நம்மாட்டம் ரெண்டையும் பிரிச்சுப் பாத்தாங்களான்னே தெரியாது."

ராமக்காவுக்கு அப்போதுதான் புரிந்தது. நம் மண்கூட்டுக்கு உள்ள சட்டத்தை அந்த உருவிடம் எதிர்பார்த்துவிட்டாள். அது யார் பேரைச் சொன்னாலும் வாங்கிக்கொள்கிற உரு. கக்கவில்லை என்பதற்கு ஒரு அர்த்தமும் கிடையாது.

"குடுக்கறதுக்குன்னு செஞ்சதைக் குடுக்காம வெச்சிருந்தா என்னா ஆவும்?"

வெண்மதி சிரிக்கப் பார்த்தாள். "குடுக்காம வெச்சிருக்கறதுக்குத்தானுங்க அக்கா மியூசியம்."

"இதுல எங்கூட்டுக்காரரு பேரைச் சொல்லிட்டேன் சாமி," என்றாள் ராமக்கா. அந்தப் பெண் அதற்குப் பிறகு சிரிக்கவில்லை. "பன்னெண்டாவது வேற ஒண்ணு வார்த்துக் குடுங்க. இதை நான் எடுத்துக்கிட்டுப் போகலைங்க," என்று பதினொன்றை மட்டும் பெட்டியில் அடுக்கிக்கொண்டு போனாள்.

மறுநாள் கம்பைநல்லூரில் இருக்கும் கருப்பண்ணனைப் பார்க்க ராமக்கா என்னைத் துணைக்குக் கூப்பிட்டாள். உருவைத் துண்டில் சுற்றிப் பைக்குள் வைத்திருந்தாள். பஸ்ஸில் அந்தப் பை என் காலடியில் இருந்தது. கம்பைநல்லூர் போய்ச் சேர்வதற்குள் என் வலது செருப்பு நனைந்துவிட்டது. பையில் தண்ணீர் பாட்டில் இல்லை.

கருப்பண்ணன் வீட்டு வாசலில் புளி காய்ந்துகொண்டிருந்தது. அவன் பெண்டாட்டி சசிகலா கொட்டை எடுத்துக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்ததும், "வாங்க அக்கா, வாங்க மாமா," என்று பாய் போட்டாள். "இந்தா வந்துருவாரு. குளிக்கப் போனாரு. குளிக்கறதென்னா, ஒரு சொம்புத் தண்ணியில ஒடம்பைத் தொடைக்கறதுதான். பக்கத்துலயே கெணறு நெறையத் தண்ணி, கல்யாணம் ஆன நாள்ல இருந்து இந்த மனுசன் அதுல எறங்கி நான் பாத்ததில்லீங்க. எருமை கூட எறங்குது."

கருப்பண்ணன் தலையைத் துவட்டிக்கொண்டு வந்தான். ராமக்காவைப் பார்த்ததும் துவட்டுகிற கை நின்றது.

"அண்ணி, நான்தான் அப்பவே சொன்னேனே, ஒரு ரயில் ஜங்சன் பக்கத்துல..."

"நான் இன்னும் ஒண்ணுமே கேக்கல தம்பி," என்றாள் ராமக்கா.

துண்டைப் பிரித்து உருவை அவன் முன்னால் தரையில் நிறுத்தினாள். நல்ல வெயில். புளி காய்கிற சூட்டில் தரை கொதித்தது. உருவின் காலடியிலிருந்து ஈரம் மெல்லப் பரவி, ஒரு தட்டகலத்துக்குத் தரை கறுத்தது. காயவில்லை. சசிகலா புளியை விட்டுவிட்டு எழுந்து நின்றாள்.

கருப்பண்ணன் உருவையே பார்த்தான். குனிந்தான். அவன் கண் அந்த இடது கையில் போய் நின்றது. அப்படியே மண்டி போட்டான்.

"இந்தக் கைதான் அண்ணி," என்றான். "இந்தக் கைதான் ரெண்டு தரம் மேல வந்துச்சு."

பிறகு எல்லாம் சொன்னான். அவன் சொன்னதைச் சுருக்கமாகவே சொல்கிறேன். மத்தியப் பிரதேசத்தில் ஒரு ஊர். வெயில் தாங்கவில்லை. போர் போட்டு முடித்து, கிரீஸ் பூசிய உடம்போடு பக்கத்தில் இருந்த ஏரியில் குளிக்க இறங்கினார்கள். காளியன் உள்ளே நீந்திப் போனான். திடீரென்று ஆளைக் காணோம். ஒரு கை மேலே வந்தது. மறுபடி ஒரு தரம் வந்தது. இவர்கள் கரையில் நின்று கத்தினார்கள். நீச்சல் தெரிந்தவன் காளியன் ஒருவன்தான். வண்டிக்காரன் ஓடி வந்து, போலீஸ் வந்தால் வண்டியை மாதக்கணக்கில் நிறுத்திவிடுவார்கள், எல்லாரும் ஏறுங்கள் என்றான். ஏறினார்கள்.

"மேல வராரான்னு ஒரு நிமிசம் நின்னு கூடப் பாக்கலீங்க அண்ணி. வண்டிய எடுத்தாச்சு. டீ குடிக்க எறங்குனாருன்னு அல்லாரும் ஒரே மாதிரி சொல்லணும்னு வழியெல்லாம் சொல்லிச் சொல்லிப் பழக்குனாங்க."

சசிகலா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள். ராமக்கா அழவில்லை, அடிக்கவும் இல்லை. "அந்த ஏரி பேரு என்னா?" என்று மட்டும் கேட்டாள்.

"தெரியாதுங்க அண்ணி."

"பதினோரு வருசமா எம்புருசன் கெடக்கற எடத்துக்குப் பேரு கூடத் தெரியாது உனக்கு." உருவை எடுத்துத் துண்டில் சுற்றினாள். "எனக்கு ஆம்பளப் புள்ளை இல்ல. நீ பங்காளி. புரட்டாசி அமாவாசைக்கு ஒகேனக்கல் வா. நீதான் காரியம் செய்யற."

சுகுணாவுக்கு அவளே நேரில் போய்ச் சொன்னாள். பிரியங்காவுக்குச் சொன்னபோது நான் பக்கத்தில் இல்லை. அந்த இரண்டு நாளும் வீட்டுக் கதவு சாத்தியே இருந்தது.

அமாவாசை அன்று ஒகேனக்கல்லில் சரியான கூட்டம். காவிரி செம்மண் நிறத்தில் ஓடியது. காரியம் செய்து வைக்கிற பெரியவர் விவரம் கேட்டார். உடம்பு கிடைக்கவில்லை என்றோம். அப்படியென்றால் உடம்புக்குப் பதில் ஒரு உரு வேண்டும், மாவில் பிடித்துக்கொள்ளலாம் என்றார். ராமக்கா துண்டைப் பிரித்தாள்.

பெரியவர் புருவத்தைச் சுருக்கினார். "இது என்ன சாமிம்மா?"

"சாமி இல்லீங்க. ஆளு."

அவர் அதைத் தொடவில்லை. கீழே இலை போடச் சொல்லி, அதன் மேல் வைக்கச் சொல்லி, எட்ட உட்கார்ந்தே சொல்ல வேண்டியதைச் சொன்னார். கருப்பண்ணன் மொட்டை போட்டிருந்தான். எள்ளும் தண்ணீரும் விட்டான். கடைசியில் உருவை எடுத்துக்கொண்டு ஆற்றில் இறங்கச் சொன்னார்கள். முதல் படியிலேயே அவன் நின்றுவிட்டான். நான் ஒரு பக்கம் பிடித்துக்கொண்டேன். பிரியங்கா கரையில் நின்றாள், ராமக்கா எங்கள் பின்னால் இறங்கினாள். இடுப்பளவுத் தண்ணீரில் அவன் உருவை வலது கையில் பிடித்துத் தண்ணீருக்குள் அமிழ்த்தினான். காளியன் பேரைச் சொன்னான்.

நின்றுகொண்டே இருந்தான்.

"விடுப்பா," என்றேன்.

"பெரியப்பா, விட மாட்டேங்குது."

அவன் முகத்தைப் பார்த்தேன். நடிக்கவில்லை. தண்ணீருக்குள் அவன் கை முழங்கை வரை இழுபட்டு நின்றது. ஆறு இந்தப் பக்கம் ஓடுகிறது, கை எதிர்ப்பக்கம் இழுபடுகிறது. என் பிடியையும் மீறி அவன் ஒரு அடி உள்ளே போனான். சுற்றிலும் நூறு பேர் முழுகிக்கொண்டிருந்தார்கள், ஒருவரும் எங்களைப் பார்க்கவில்லை.

ராமக்கா முன்னால் வந்தாள். அவன் பக்கத்தில் நின்று, சத்தம் போடாமல், பக்கத்து வீட்டுக்காரனிடம் பேசுவது போலப் பேசினாள். ஆனால் பேசியது அவனிடம் அல்ல.

"இங்க பாருங்க. அவன் வுட்டுட்டுப் போனான். தப்புதான். பயந்த பையன். நான் வுடாம பதினோரு வருசம் புடிச்சுக்கிட்டு இருந்தேன். அதுவும் தப்புதான். உங்களைப் போவ வுடல. புள்ளைக்குத் தையில கல்யாணம். பையன் நல்லவன். நீங்க வர வேணாம். அவனை வுட்டுருங்க."

சொல்லிவிட்டுத் தன் கழுத்திலிருந்ததைத் தானே கழற்றினாள். பெண்கள் யாரையும் கூப்பிடவில்லை. தண்ணீருக்குள் கையை விட்டு, கருப்பண்ணன் கை இருந்த இடத்தில் அதை வைத்தாள்.

அவன் கை சட்டென்று மேலே வந்தது. வெறுங்கை. நான் பின்னால் சாய்ந்து விழப் பார்த்தேன்.

பட்டறையில் பன்னிரண்டாவது உருவை மறுபடி வார்த்தார்கள். பெங்களூரில் கண்ணாடிப் பெட்டிக்குள் பன்னிரண்டும் நிற்கிறதாம். வெண்மதி போனில் படம் அனுப்பினாள். ராமக்கா அதைப் பெரிதாக்கிப் பார்க்கவில்லை.

பத்திரிகையில் காலஞ்சென்ற காளியன் என்று போட்டார்கள். தை பத்தாம் தேதி கல்யாணம். தாலி கட்டி முடிந்ததும் சுகுணா முதல் ஆளாக ராமக்காவைக் கையைப் பிடித்து மணமேடைக்கு இழுத்து வந்தாள். "பெத்தவ வாழ்த்தாம வேற யாரு வாழ்த்தறது? வாங்க சம்மந்தி," என்றாள். யோசிக்கிற அந்த ஒரு நொடி அன்றைக்கு யாருக்கும் வரவில்லை. ராமக்கா அட்சதை போட்டாள். பிரியங்கா நிமிர்ந்து தாயைப் பார்த்தாள், இரண்டு பேரும் அழுதார்கள், போட்டோக்காரன் அதை எடுத்தான்.

அப்பன் முறைக்குக் கருப்பண்ணனைக் கூப்பிட்டார்கள். தயங்கித் தயங்கி வந்தான். ஒகேனக்கல்லில் இருந்து வந்த நாளாக அவன் வலது உள்ளங்கை, நாள் முழுக்கத் துணி துவைத்தவர் கை போல வெளுத்துச் சுருங்கியே இருக்கிறது. டாக்டர் களிம்பு கொடுத்தார், வெயிலில் காட்டினான், மாறவில்லை. சசிகலா அதைத் துண்டால் சுற்றியே வைத்திருப்பாள். அன்றைக்குத் துண்டை எடுத்துவிட்டு அரிசியை அள்ளினான். பிள்ளைகளின் தலைக்கு மேல் கையை விரித்தான். அரிசி விழவில்லை. மஞ்சள் அரிசி அத்தனையும் அந்த ஈரக் கையில் ஒட்டிக்கொண்டு நின்றது.

மேடையில் இருந்தவர்கள் பார்த்தார்கள். அவன் கையை இழுத்துக்கொள்ளப் போனான்.

ராமக்கா அவன் மணிக்கட்டைப் பிடித்தாள். "இருங்க தம்பி," என்றாள். பதினோரு வருசத்தில் அவனை அவள் 'ங்க' போட்டுப் பேசியது அதுதான் முதல் தரம். அந்தக் கையில் ஒட்டியிருந்த அரிசியை ஒவ்வொன்றாகத் தன் விரலால் எடுத்து, மகளின் தலையில் போட்டாள்.